புதுக் கார் கோளாறு: திருப்பிக் கொடுப்பதா, ரிப்பேருக்கு விடுவதா?

கடைசி லேன் | இரவு 8.40

சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ‘புதுக் காரை மூன்று முறை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியும் சரியாகவில்லை என்றால், லெமன் லாப்படி முழுப் பணமும் வாபஸ்.’ லெமன் லா என்றால் கோளாறான பொருளை விற்றவரிடம் பரிகாரம் கேட்க உதவும் சட்டம். இந்தச் செய்தியை நம்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் சொல்வது: எண்ணவே வேண்டாம். புது வண்டியில் பெரிய கோளாறு என்றால் முதல் வாரத்திலேயே ‘இந்த வண்டி எனக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பொருள் விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவு, விற்கிற பொருள் திருப்தியான தரத்தில் இருக்கணும் என்கிறது. இல்லையா, வாங்கியவர் நிராகரிக்கலாம். ரிப்பேருக்கு விட்டால் மாட்டினோம். லெமன் லா விற்பவருக்கு நேரம் வாங்கித் தருகிற சட்டம், அவ்வளவுதான். மறுப்பவர்கள் வாங்க.

சின்ன எழுத்து | இரவு 9.05

முதலில் அந்த ‘மூன்று முறை’ கதையை முடித்துவிடுவோம். அது அமெரிக்கச் சரக்கு. அங்கே 1982-இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்தது. கலிஃபோர்னியாவில் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை முயற்சி, உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டு முறை, அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் போதும் என்று கணக்கு இருக்கிறது. யூடியூபில் பார்த்த யாரோ அதைச் சுருக்கி நம் ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

நம் லெமன் லா என்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வணிகம்) சட்டத்தின் மூன்றாம் பகுதி. 2012 செப்டம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் எண்ணிக்கை எதுவும் இல்லை. விற்றவர் ‘நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குக் கணிசமான சிரமம் தராமல்’ சரிசெய்யணும் அல்லது மாற்றித் தரணும். செலவு அவருடையது. அது நடக்காவிட்டால்தான் அடுத்த படி: விலையில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருவது, அல்லது ஒப்பந்தத்தை ரத்துசெய்து, ஓட்டிய அளவுக்குக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் தருவது. ஒரே ரிப்பேருக்கு வண்டி ஐந்து வாரம் முடங்கினால் அந்த ஒன்றே போதுமானதாக இருக்கலாம். அரைநாள் அரைநாளாக நாலு தடவை போய்வந்தது போதாமலும் இருக்கலாம்.

இன்னொரு தப்பான புரிதல் ஆறு மாதம். அது வாரண்டி இல்லை. டெலிவரி எடுத்த ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது டெலிவரி நாளிலேயே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘இல்லை, நீ ஓட்டிய விதத்தால் வந்தது’ என்று காட்டவேண்டிய பாரம் விற்றவர் தலையில். ஏழாவது மாதம் அந்தப் பாரம் நம் தலைக்கு மாறுகிறது. உரிமை போய்விடவில்லை.

ஈசூன் ஸ்பானர் | இரவு 9.31

லேன் தம்பி, முதல் வாரமே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா அடுத்த நாள் என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா? ஷோரூம் ‘சரிங்க’ன்னு சாவியை வாங்கிக்காது. வண்டி உங்க எச்டிபி (அரசு அடுக்குமாடி) கார்பார்க்லதான் நிக்கும். சீசன் பார்க்கிங், இன்சூரன்ஸ், சாலை வரி, மாசத் தவணை எல்லாம் ஓடும். வேண்டாம்னு சொன்ன வண்டியை ஓட்டவும் கூடாது, ஓட்டினா ‘ஏத்துக்கிட்டான்’னு வாதம் வரும். கோர்ட்ல எட்டு, பத்து மாசம் கழிச்சு ‘இது நிராகரிக்கிற அளவுக்குக் கோளாறு இல்ல’ன்னு சொல்லிட்டா?

ரெவர்ஸ் கேமரா விட்டு விட்டு வருது, சன்ரூஃப் கடகடங்குது, இதுக்கெல்லாம் வண்டியைத் திருப்ப முடியாது. எஞ்சின் பிளாக்ல விரிசல், ஏபிஎஸ் பிரேக் மாட்யூல் சாவு, ஓடிட்டிருக்கும்போதே பவர் போறது, இது வேற.

கடைசி லேன் | இரவு 9.52

ஸ்பானர் அண்ணே, பெரிய கோளாறு என்றுதான் நானும் சொன்னேன். சின்னக் கோளாறு நிறைய சேர்ந்தாலும் பெரிசுதான். இங்கிலாந்தில் 1987-இல் ரோஜர்ஸ் எதிர் பாரிஷ் வழக்கு. புது ரேஞ்ச் ரோவர், எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் பாடியிலும் கோளாறு. ஆறு மாதம், 5,500 மைல் ஓட்டிய பிறகும் நிராகரித்தது செல்லும் என்றார்கள். விலை உயர்ந்த வண்டி வாங்குகிறவர் ஏ-யிலிருந்து பி-க்குப் போவதற்கு மட்டும் வாங்கவில்லை, வசதிக்கும் அதை வைத்திருக்கும் பெருமைக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சிஓஇ-யோடு (வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ்) வாங்குகிற நமக்கு இது இன்னும் பொருந்தும்.

சின்ன எழுத்து | இரவு 10.20

அதே 1987-இன் இன்னொரு வழக்கை விட்டுவிட்டீர்களே. பெர்ன்ஸ்டைன் எதிர் பாம்சன் மோட்டார்ஸ். புது நிசான். எஞ்சினுக்குள் சிக்கிய ஒரு துளி சீலண்ட், எண்ணெய் ஓட்டத்தை அடைத்து எஞ்சினை இறுகி நிற்க வைத்தது. மூன்று வாரம், சுமார் 140 மைல். வண்டி தரமில்லைதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்று வாரம் வைத்திருந்ததால் ஏற்றுக்கொண்டதாகக் கருதி, நிராகரிக்க முடியாது, இழப்பீடு மட்டும் என்றார். உங்கள் வாதத்தின் இரு முனையும் இதுதான். ஒருவருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் நிராகரிக்க முடிந்தது, இன்னொருவருக்கு மூன்று வாரத்திலேயே முடியவில்லை.

அதற்குப் பிறகு இங்கிலாந்துச் சட்டம் திருத்தப்பட்டது, நம் பொருள் விற்பனைச் சட்டத்திலும் அந்தத் திருத்தம் இருக்கிறது. 35-வது பிரிவின்படி, ரிப்பேர் கேட்டதாலேயே, அல்லது ரிப்பேருக்குச் சம்மதித்ததாலேயே வண்டியை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஆகவே ‘ரிப்பேருக்கு விட்டால் மாட்டினோம்’ என்பது பாதிதான் சரி.

மீதிப் பாதியில்தான் வில்லங்கம். லெமன் லாவின் கீழ் ரிப்பேர் கேட்டுவிட்டால், அதற்கு நியாயமான கால அவகாசம் முடியும்வரை நீங்கள் வண்டியை நிராகரிக்கவும் முடியாது, ‘இல்லை, மாற்று வண்டி கொடு’ என்று தாவவும் முடியாது. எனவே முதல் கடிதத்தில் என்ன எழுதுகிறோம் என்பதே பாதி வழக்கு. ஃபோனில் பேசி, ‘சரி, கொண்டுவாங்க பார்க்கலாம்’ என்று கேட்டு, தேதி இல்லாமல் விட்டுவிட்டு வருகிறவருக்கு அவகாசம் எப்போது தொடங்கியது என்பதற்கே சாட்சி இருக்காது.

ஷோரூம் சன்னல் | இரவு 10.47

விற்கிற பக்கத்திலிருந்து ஒரு குரல், கல் எறியாதீர்கள். 1,80,000 வெள்ளி என்று ஒரு வண்டி விற்றால் அதில் ஷோரூமுக்கு வருவது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 20 விழுக்காடு சுங்கத் தீர்வை, 9 விழுக்காடு பொருள் சேவை வரி, கூடுதல் பதிவுக் கட்டணம் ஏஆர்எஃப், இவை போக சிஓஇ. எல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விட்ட பணம். கார்களுக்கான ஏ, பி பிரிவு சிஓஇ வாங்குபவர் பெயரிலேயே ஏலத்தில் எடுக்கப்படுவது, பதிவுக்கு முன் கைமாற்ற முடியாதது. ஒப்பந்தத்தை ரத்துசெய் என்றால் கம்பெனி வாங்கிக்கொள்வது ‘ஒரு கை மாறிய’ வண்டி. மறுநாளே அதன் விலை இறங்கிவிடும். அதனால்தான் கியர்பாக்ஸையே முழுசாக மாற்றித் தரச் சம்மதிக்கிற கம்பெனி கூட, வண்டியை வாபஸ் வாங்கச் சொன்னால் கடைசிவரை சண்டை போடுகிறது. இதில் கெட்ட எண்ணம் இல்லை, கணக்கு.

தோபாயோ வாசகி | இரவு 11.02

கணக்கு புரிகிறது சார். ஆனால் அந்தக் கணக்கை விற்கும்போது பிரித்துச் சொன்னீர்களா? விற்பனை ஒப்பந்தத்தில் ‘சிஓஇ உள்பட’ என்று ஒரே தொகைதான் இருக்கிறது. ரத்து என்றால் அந்த ஒரே தொகைதான் பேச்சு. சிஓஇ-யும் ஆவியாகிவிடவில்லை. பதிவான பிறகு உடைமை மாற்றும்போது அது வண்டியோடுதான் போகிறது. உங்கள் கைக்கு வருகிற வண்டியில் மீதி ஒன்பதரை ஆண்டு சிஓஇ உட்கார்ந்திருக்கும். ‘கை மாறிய வண்டி’ நஷ்டம் பழுதான வண்டியை விற்றவருக்கா, வாங்கியவருக்கா?

ஓட்டியதற்குக் கழிக்கிற தொகைக்குச் சட்டத்தில் ஃபார்முலா இல்லை. இங்கேதான் ஏமாறுகிறார்கள். ‘சந்தை விலை இப்போது 1,45,000, ஆகவே 35,000 கழிவு’ என்று தொடங்குவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சந்தை இறக்கம், பயன்பாடு அல்ல. விளம்பரத்தில் நீங்களே போடுகிறீர்களே, ‘ஆண்டுத் தேய்மானம்’ என்று, அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வேன். 1,80,000 வெள்ளி வண்டி, பத்தாம் ஆண்டு கடைசியில் மிஞ்சும் மதிப்பு 12,000 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 16,800, மாதத்துக்கு 1,400. ஐந்து மாதம் ஓட்டியிருந்தால் 7,000. அதில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாளையும் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். விற்கும்போது உங்கள் எண், திருப்பும்போது மட்டும் வேறு எண்ணா?

ஷோரூம் சன்னல் | இரவு 11.10

அந்த விளம்பர எண் பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கான சராசரி. முதல் ஆறு மாதத்தில்தான் வண்டி அதிகம் தேய்கிறது, வாசகி அவர்களே. இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எந்தப் பேச்சுவார்த்தையும் போய் நிற்கும்.

ஈசூன் ஸ்பானர் | இரவு 11.38

கோர்ட்டு, சட்டம்னு பேசறீங்க. அங்க கொண்டுபோய்க் காட்ட என்ன இருக்கு? பாதிப் பேர் தோக்கறது ஒர்க்‌ஷாப் கவுண்டர்ல.

முதல் விஷயம் ஜாப் கார்டு, வண்டியை விடும்போது கவுண்டர்ல எழுதற வேலைத்தாள். நீங்க ‘ஜாம்ல ஊர்ந்து போகும்போது ஒண்ணுலேருந்து ரெண்டாம் கியருக்கு மாறுறப்ப வண்டி குலுங்குது, சூடானப்புறம் அதிகம்’னு சொல்வீங்க. அட்வைசர் ‘செக் கியர்பாக்ஸ்’னு ரெண்டு வார்த்தை தட்டுவார். சாயங்காலம் ‘கோளாறு காணப்படவில்லை’ன்னு திருப்பிக் கொடுப்பாங்க. சும்மாவா காணும்? ஏசி ரூம் மாதிரி குளிர்ந்த எஞ்சினோட பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்திருப்பாங்க. நீங்க சொன்ன வார்த்தை அப்படியே ஜாப் கார்டுல ஏறணும். மைலேஜ், தேதி, விட்ட நேரம், எடுத்த நேரம். காப்பி கையில வராம சாவியைக் குடுக்காதீங்க. மெக்கானிக்கை பக்கத்துல உக்கார வெச்சு, சூடான வண்டியில, கார்பார்க் ஏத்தத்துல ஊர்ந்து காட்டுங்க.

ரெண்டாவது, ஸ்கேன். வண்டிக் கம்ப்யூட்டர்ல கோளாறு எண் (கோடு) பதிவாகும்போது அந்த நொடியோட வேகம், ஆர்பிஎம், கூலண்ட் சூடு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் சேத்துவெக்கும், ஃப்ரீஸ் ஃபிரேம்னு பேர். ‘கிளியர்’ அமுக்கினா அது போச்சு. ட்ரை கிளட்ச் (எண்ணெயில நனையாத கிளட்ச்) வண்டியா இருந்தா கிளட்ச் அடாப்டேஷன், அதாவது கம்ப்யூட்டர் கத்துவெச்ச கிளட்ச் அளவுகளை, ரீசெட் பண்ணி விடுவாங்க, ரெண்டு வாரம் வெண்ணெய் மாதிரி ஓடும், அப்புறம் பழைய குலுக்கல். ரீசெட்டுக்கு முன்னாடி இருந்த எண்ணும் காணாமப் போயிருக்கும். அதனால அழிக்கறதுக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்துக் கொடுங்கன்னு ஜாப் கார்டுலயே எழுத வெச்சுடணும். இது ஒண்ணுதான் நான் தலைகீழா நின்னு சொல்றது.

மூணாவது, தரைவிரிப்பு ஈரம். நம்ம ஊரு மழைக்கு இது நிறைய வரும், ‘ஏசி தண்ணிங்க, வெளிய துடைச்சு விட்டுட்டோம்’னு அனுப்பிடுவாங்க. எங்கே ஈரம்னு பாருங்க. நடு கன்சோல் பக்கமா நனைஞ்சிருந்தா ஏசி டிரெய்ன் குழாய் அடைப்பு. கதவோரம், ஏ பில்லர் (முன் கண்ணாடியோரத் தூண்) அடியில நனைஞ்சிருந்தா மழைத் தண்ணி. உறுதிப்படுத்தணும்னா வண்டியை நல்லா காயவெச்சு, கார்பெட்டுக்கு அடியில டிஷ்யூ பேப்பர் வெச்சு, அரைமணி நேரம் ஏசியை மட்டும் ஓட விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா ஏசியை அணைச்சிட்டு, ஹோஸ்ல மெதுவா கீழேருந்து மேல, ஒரு பகுதிக்கு அஞ்சு நிமிஷம். கதவு, அப்புறம் கண்ணாடி ஓரம், கடைசியா கூரை. மேலேருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு, எங்கேருந்து உள்ள வந்ததுன்னே தெரியாது. சன்ரூஃப் இருந்தா அதோட ஓரத் தட்டுல அரை லிட்டர் ஊத்துங்க. வண்டிக்கு அடியில வழிஞ்சா சரி, உள்ளே வந்தா டிரெய்ன் டியூப் கழண்டிருக்கு. இதை வீடியோ எடுக்கணும். ஏன் இவ்வளவு பாடுன்னா, கார்பெட் ஈரம் வெறும் நாத்தம் இல்ல. அடியில வயர் கனெக்டர் இருக்கு. பச்சை பூத்தா ஒரு வருஷம் கழிச்சு சம்பந்தமே இல்லாம சீட் பெல்ட் லைட் எரியும்.

நாலாவது, பேட்டரி இறங்கறது. ‘டேஷ்கேம் மாட்டியிருக்கீங்க, அதான்’ங்கறது ரெடிமேட் பதில். பேட்டரி நெகட்டிவ்ல மல்டிமீட்டரை சீரீஸா போட்டு, கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால தள்ளி மூடின மாதிரி ஆக்கி, சாவியைத் தூரமா வெச்சு, 30-லேருந்து 45 நிமிஷம் காத்திருங்க, எல்லா மாட்யூலும் தூங்கட்டும். 50 மில்லி ஆம்புக்குக் கீழ இருந்தா நல்ல வண்டி. டேஷ்கேம் கழட்டி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை அளங்க. கழட்டினப்புறமும் 500 மில்லி ஆம்ப் இழுத்தா ஒரு நாளைக்கு 12 ஆம்ப் அவர் போகுது, 60 ஆம்ப் அவர் பேட்டரி மூணு நாள்ல ஸ்டார்ட் எடுக்காது. அப்ப டேஷ்கேம் மேல பழி நிக்காது. டேஷ்கேமை ஷோரூமே மாட்டிக் குடுத்திருந்தா கேள்வியே இல்ல, அதுவும் அவங்க சரக்குதான்.

ஷோரூம் சன்னல் | இரவு 11.55

ஸ்பானர் சொன்னதில் ஜாப் கார்டு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ட்ரை கிளட்ச் குலுக்கல் எல்லாமே கோளாறு இல்லை. அந்த வகை கியர்பாக்ஸின் குணமே ஊர்ந்து போகும்போது கொஞ்சம் தயங்குவது. வாங்கியவர் பழைய ஆட்டோமேட்டிக் டார்க் கன்வர்ட்டர் வழவழப்பை எதிர்பார்த்தால் அதற்கு விற்றவர் பொறுப்பா?

ஈசூன் ஸ்பானர் | இரவு 11.59

அதுக்கும் வழி இருக்கு. அதே மாடல் டெமோ வண்டியை எடுத்து, அதே ஏத்தத்துல, அதே சூட்டுல ஓட்டிப் பாக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி குலுங்கினா குணம். ஒண்ணு மட்டும் குலுங்கினா கோளாறு. டெமோ தர மாட்டேன்னு சொன்னா அதையும் ஈமெயில்ல வாங்கி வெச்சுக்கணும்.

கடைசி லேன் | காலை 7.15

இரவில் இவ்வளவு ஓடியிருக்கிறது. ஷோரூம்காரர்கள் வழக்கமாகச் சொல்வதில் ஒன்று விட்டுப்போய்விட்டது: ‘வெளி ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் மாற்றினீர்கள், வாரண்டி போச்சு.’ 2017 டிசம்பரில் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டு, பெரிய டீலர்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வெளியே செய்த வேலையால்தான் இந்தக் கோளாறு என்றால் மறுக்கலாம், வெளியே போனதற்காகவே மறுக்க முடியாது. எந்தக் கிரேடு எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த ஃபில்டர் என்று வெளி ஒர்க்‌ஷாப் பில்லில் இருக்கட்டும்.

ஆனால் என் அடிப்படைக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ரிப்பேர், ரிப்பேர் என்று அலைந்து கடைசியில் எந்தக் கதவைத் தட்டுவது? பயனீட்டாளர் சங்கத்தால் உத்தரவு போட முடியாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளி வரம்பு. ஒன்றே முக்கால் லட்சம் வண்டியை அங்கே எப்படித் திருப்புவது?

சின்ன எழுத்து | காலை 8.02

திருப்ப முடியாது. அதைத்தான் இந்த விவாதத்தில் யாரும் உரக்கச் சொல்லவில்லை.

நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுதிச் சம்மதித்தால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் போகணும். முழு விலையைத் திரும்பக் கேட்கிற வழக்கு 60,000 வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 2,50,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். அங்கே வக்கீல், நிபுணர் சாட்சி, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு. ஆறு ஆண்டு அவகாசம் உண்டு என்பது ஆறுதல்தான், ஆனால் ஆறு மாத அனுமானத்தைத் தாண்டிவிட்டால் நிரூபிக்கும் செலவும் நம்முடையது.

அதனால் என் முடிவு லேன் சொல்வதற்கு நேர் எதிர். சிங்கப்பூரில் புதுக் கார் வாங்கியவருக்குக் கைக்கெட்டுகிற பரிகாரம் விலைக் குறைப்பு. வண்டி நம்மிடமே இருக்கும், சிஓஇ பிரச்சினை எழாது, நடுவர் மன்ற வரம்புக்குள் அடங்கும். ‘இந்தக் குறையோடு இந்த வண்டி 1,80,000 பெறுமா, 1,65,000 பெறுமா?’ என்பதே கேள்வி. ஒரே கோளாறுக்கான கோரிக்கையை இரண்டாக வெட்டி இரண்டு வழக்குப் போட முடியாது. 24,000 என்று கணக்கு வந்தால் 4,000-ஐ விட்டுக்கொடுத்து உள்ளே போகலாம்.

கட்டணம் தனிநபருக்கு 5,000 வரை 10 வெள்ளி, 10,000 வரை 20 வெள்ளி, அதற்கு மேல் கோரும் தொகையில் 1 விழுக்காடு. இணையத்திலேயே பதியலாம். முதலில் பதிவாளர் முன்னால் சமரசப் பேச்சு, முடியாவிட்டால் விசாரணை. யாரும் வக்கீல் வைக்கக் கூடாது, கம்பெனியும் தன் ஊழியரைத்தான் அனுப்பும். விற்பனையாளருடன் தமிழில் வாட்ஸ்அப் பேசியிருந்தால் அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், கடைசி நாளில் ஓடாதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தை ஒதுக்கவும் வேண்டாம். உத்தரவு போட முடியாதுதான். ஆனால் அவர்கள் கடிதம் போனாலே ஷோரூம் மேலாளர் மட்டத்துக்குக் கோப்பு ஏறிவிடுகிறது.

கடைசி லேன் | காலை 8.30

20,000-க்குள் சமாதானமாகி, பிரேக் நம்ப முடியாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றிப் போகச் சொல்கிறீர்களா?

சின்ன எழுத்து | காலை 8.41

இல்லை. பாதுகாப்புக் கோளாறு என்றால் உங்கள் பக்கம்தான் நான். அங்கே ரத்து கேட்கணும், மாவட்ட நீதிமன்றம் போகிற செலவு நியாயம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டி, ரீகால் (கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் ரீகால் வந்தாலே பணம் வாபஸ் என்று அர்த்தமில்லை. அதுவும் ஒரு ரிப்பேர்தான், இலவசமாக.

தோபாயோ வாசகி | காலை 9.10

மூன்று பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. தவணைக்கு வாங்கியவர், கிராப் வாடகைக் கார் ஓட்ட வாங்கியவர், கம்பெனி பெயரில் வாங்கியவர்.

சின்ன எழுத்து | காலை 9.48

தவணை: ஹயர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி வண்டி நிதி நிறுவனத்தின் சொத்து. அதற்காக லெமன் லா இல்லாமல் போய்விடாது. ஆனால் கடிதம் ஷோரூம், நிதி நிறுவனம் இரண்டுக்கும் போகணும். ‘வண்டி சரியில்லை, தவணை கட்ட மாட்டேன்’ என்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். பிறகு பேச வண்டியும் இருக்காது, சாட்சியும் இருக்காது.

கிராப்: முழுக்க முழுக்கத் தொழிலுக்கு மட்டும் வாங்கியவர் இந்தச் சட்டத்தில் பயனீட்டாளர் அல்ல. பகலில் ஓட்டி, வாரக் கடைசியில் குடும்பத்தை ஏற்றிப் போகிறவர் தன் பெயரில் வாங்கியிருந்தால் வாதாட இடம் உண்டு.

கம்பெனி பெயர்: லெமன் லா கிடையாது. லேன் சொல்கிற பொருள் விற்பனைச் சட்டம்தான் துணை. அங்கே அவர் வாதத்துக்கு முழு மதிப்பு.

இன்னொரு கூட்டமும் உண்டு. ‘புத்தம் புதுசு மாதிரி, 200 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று கன்சைன்மென்ட்டில் (உரிமையாளருக்காக ஷோரூம் விற்றுத் தருவது) விற்கிற வண்டி. ஒப்பந்தத்தில் விற்பவர் யார் என்று பாருங்கள். அங்கே ஒரு தனிநபர் பெயர் இருந்தால், ஷோரூம் வெறும் தரகர். தனிநபர் விற்பதற்கு லெமன் லா பொருந்தாது.

கடைசி லேன் | காலை 10.25

சரி, பாதி இறங்கி வருகிறேன். ரிப்பேருக்கு விடலாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு அல்ல. முதல் கடிதம் இப்படி இருக்கலாமா?

‘இன்ன தேதி டெலிவரி எடுத்த இன்ன பதிவு எண் வண்டியில் இன்ன தேதி, இன்ன கிலோமீட்டரில் இந்தக் கோளாறு தெரிந்தது. வண்டி ஒப்பந்தப்படி இல்லை. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வணிகம்) சட்டத்தின் மூன்றாம் பகுதிப்படி உங்கள் செலவில் 14 நாளுக்குள் சரிசெய்யக் கோருகிறேன். அதுவரை ஓட்டத் தற்காலிக வண்டி தரவும். கோளாறுக் கோடுகளை அழிக்கும் முன் ஸ்கேன் அறிக்கை தரவும். இந்தக் காலத்துக்குள் சரியாகாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது ஒப்பந்த ரத்து கேட்கும் உரிமையும், பொருள் விற்பனைச் சட்ட உரிமைகளும் எனக்கு உண்டு.’

ஈசூன் ஸ்பானர் | காலை 10.50

14 நாள் குறைச்சல். பார்ட்ஸ் ஜப்பான்லேருந்தோ ஜெர்மனிலேருந்தோ வரணும்னா அதுக்கே மூணு வாரம் ஆகும். ‘எந்த பார்ட், எப்ப ஆர்டர் போட்டீங்க, எப்ப வரும்’னு எழுத்துல கேளுங்க. தேதி அவங்க வாயாலயே வரட்டும். அவங்க குடுத்த தேதியை அவங்களே தாண்டினா அதைவிட நல்ல சாட்சி இல்ல.

ஷோரூம் சன்னல் | காலை 11.15

கடிதம் நன்றாக இருக்கிறது, கையில் வாங்கும் சர்வீஸ் மேலாளருக்கு வயிறு கலங்கும். எதிர்ப்பக்கம் இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பில்லில் ‘குட்வில் ரிப்பேர்’ என்று போட்டுத் தந்தால் கையெழுத்துப் போடும் முன் அதை அடிக்கச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் செய்தது என்றால் கோளாறை ஒப்புக்கொண்டதாக ஆகாது, அதற்குத்தான் அந்தச் சொல். அதேபோல் ஓராண்டு கூடுதல் வாரண்டி, மூன்று இலவச சர்வீஸ் என்று ஒரு தாள் நீட்டுவார்கள், அடியில் ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்று இருக்கும். கியர்பாக்ஸ் கோளாறுக்கு அது ஈடாகுமா என்று வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்திலேயே ‘லெமன் லா பொருந்தாது’ என்று அச்சடித்திருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம், அது செல்லாது.

தோபாயோ வாசகி | காலை 11.32

கடிதத்தை யார் பெயருக்கு அனுப்புவது? பேரலல் இம்போர்ட்டர்கள் (அதிகாரபூர்வ முகவர் வழியாக இல்லாமல் தாங்களே இறக்குமதி செய்பவர்கள்) பலரிடம் பெயர்ப்பலகையில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர்.

சின்ன எழுத்து | பகல் 12.04

விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள பெயர், அதன் யுஇஎன் (நிறுவனப் பதிவு) எண். பெயர்ப்பலகையும் அல்ல, கார் பிராண்டின் உள்ளூர் முகவரும் அல்ல. பேரலல் இம்போர்ட்டரிடம் வாங்கிவிட்டு அதிகாரபூர்வ முகவருக்குக் கடிதம் எழுதினால் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே இல்லை. அக்ரா (நிறுவனப் பதிவு ஆணையம்) தளத்தில் 5.50 வெள்ளிக்கு நிறுவன விவரத் தாள் கிடைக்கும். பதிவு அலுவலக முகவரி, நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, இரண்டும் அதில் தெரியும். நடுவர் மன்றத்தில் பதியும்போதும் அந்தத் தாள் தேவைப்படும், இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று அனுப்புங்கள்.